இருபது பவுண்டு

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் ‘கூட்டாளி விலகல்’ என்று ஒரு பாடம் வரும். நற்பெயருக்கு ஒரு மதிப்பு போட்டு, சொத்தையும் கடனையும் மறுமதிப்பீடு செய்து, விலகுகிறவர் பங்கைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு நாட்டை விட்டு ஒரு பகுதி விலகுகிறேன் என்றால் மட்டும் ஏன் ராணுவம் வருகிறது?

நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். 1966ல் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன. வடக்கில் ஆயிரக்கணக்கான இக்போ மக்கள் கொல்லப்பட்டார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் கிழக்கில் இருந்த சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். 1967 மே 30ல் கிழக்குப் பகுதியின் ஆளுநர் ஒஜுக்வு, பயாஃப்ரா என்ற தனிநாட்டை அறிவித்தார். ஜூலையில் போர் தொடங்கியது.

உடனே எல்லோரும் சொல்லும் பதில், எண்ணெய். உண்மைதான். எண்ணெயில் பெரும்பகுதி கிழக்கில் இருந்தது. ராயல்டி யாருக்கு என்று இரண்டு அரசுகளும் எண்ணெய் கம்பெனியை நெருக்கின. போர் தொடங்கிய அதே மாதம் மத்திய ராணுவம் போனி எண்ணெய்த் துறைமுகத்தைப் பிடித்தது.

ஆனால் எண்ணெய் மட்டும் இல்லை. நைஜீரியாவில் 200க்கும் மேல் இனங்கள். ஒருவரை விட்டால் அடுத்தவர் வரிசையில் நிற்பார் என்ற பயம். அந்தப் பயம் பொய்யும் இல்லை. போருக்கு ஒரு வருடம் முன்புதான் வடக்கத்திய அதிகாரிகளே பிரிந்து போகலாமா என்று யோசித்தார்கள். துறைமுகம் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று எடுத்துச் சொல்லித் தடுத்தார்கள். பயாஃப்ராவுக்குள்ளும் இஜாவ், எஃபிக் போன்ற சிறுபான்மையினர் பலருக்கு இக்போ ஆட்சியில் இருக்க விருப்பமில்லை. பிரிவினைக்குள் இன்னொரு பிரிவினை!

அதனால் அரசு ஏன் சண்டை போட்டது என்பது எனக்குப் புரிகிறது. என் கேள்வி வேறு. ‘நீங்கள் எங்கள் மக்கள், உங்களை விடமாட்டோம்’ என்றுதானே ஒவ்வொரு அரசும் சொல்கிறது? போர் முடிந்த பிறகு அந்த மக்களை எப்படி நடத்தியது என்று பார்க்க வேண்டாமா?

1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. இறந்தவர்கள் 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் குண்டில் சாகவில்லை, முற்றுகையால் வந்த பசியில் செத்தார்கள். ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்றார் ஆட்சித் தலைவர் கோவான். பெரிய அளவில் பழிவாங்கும் கொலைகள் நடக்கவில்லை. அதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் வங்கிக்குப் போன இக்போ மக்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? போருக்கு முன்பு எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, கையில் 20 பவுண்டு. போரின் நடுவே, 1968ல், பழைய நோட்டுகளையும் செல்லாததாக்கி இருந்தார்கள். 1972ல் வெளிநாட்டு கம்பெனிகள் தங்கள் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 20 பவுண்டு வாங்கியவர் எந்தப் பங்கை வாங்குவார்?

நிலம் முழுசாகத் திரும்ப வந்தது. எண்ணெயும் வந்தது. மக்களின் கணக்கு மட்டும் நேராகவில்லை. பயாஃப்ரா என்ற பெயர் இன்றும் அங்கே அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

வேறு வழி உண்டா? கனடாவைப் பாருங்கள். 1995ல் கியூபெக் வாக்கெடுப்பில் பிரிவினை 1 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்தில்தான் தோற்றது. 1998ல் உச்ச நீதிமன்றம், தன்னிஷ்டத்துக்குப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. 2000ல் அதை ஒட்டிச் சட்டமும் வந்தது. கதவு எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். கியூபெக் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

பிரிவதைத் தடுக்க அரசுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் ‘எங்கள் மக்கள்’ என்று சொல்லிச் சண்டை போட்டால், ஜெயித்த பிறகு அவர்கள் பாஸ்புக்கில் இருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசு காப்பாற்றியது வெறும் வரைபடத்தைத்தான்.