ஜிம் மாஸ்டர் ஆக உடம்பு மட்டும் போதுமா?



தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் காப்பாரிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம்மவர் பலருடைய வீட்டில் இப்போது ஒரு புதுப் பேச்சு கேட்கிறது. மாலையானால் மகன் ஜிம்முக்குப் போகிறான். தோள் விரிந்திருக்கிறது, கை திரண்டிருக்கிறது. "நானே ஜிம் மாஸ்டர் ஆகிவிடுகிறேன், அம்மா" என்கிறான். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, மூன்றாம் நாள் சான்றிதழ் என்று எவரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். பணம் கட்டலாமா?

ரப்பர் மரம் சீவிய குடும்பத்தாருக்கு இதற்கு விடை ஏற்கனவே தெரியும். புதிதாக உளி பிடிக்கிறவருக்கு எடுத்த எடுப்பிலேயே இளமரத்தைக் கொடுத்ததில்லை. வெட்டி விழப்போகும் கிழட்டு மரத்தில்தான் பழக்குவார்கள். உளி மேலோடு போனால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்தப் பட்டை மறுபடி சரியாக வளராது. மண்டோர் வந்து பார்ப்பது உங்கள் கையின் பலத்தை அல்ல, வெட்டின் ஆழத்தை. மரத்துக்கே இவ்வளவு என்றால் மனித முதுகெலும்புக்கு எவ்வளவு வேண்டும்?

சொல்லித் தருகிறவருக்கே முதலில் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் நேற்று வந்ததல்ல. ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயர் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குப் புதிதல்லவே! அதே சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுதான். விளையாட்டு வீரர்களை உருவாக்குவதைவிட, ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் வேலை.

நம் நாட்டில் தொழில் திறனுக்குச் சான்று தருவது திறன் மேம்பாட்டுத் துறை. மலாயில் ஜே.பி.கே. என்பார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள், அதற்கு மேல் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி நிபந்தனையில்லை என்பது நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கு வேறொரு தேசியத் திட்டம் இருக்கிறது. அதிலும் மூன்று நிலைகள், விளையாட்டு அறிவியல் பாடமும் உண்டு.

எஸ்.கே.எம். முறையில் எனக்குப் பிடித்தது அதன் தீர்ப்புச் சொல். 'தெரம்பில்' அல்லது 'பெலும் தெரம்பில்', அதாவது திறமை பெற்றவர் அல்லது இன்னும் பெறாதவர். 'தோற்றான்' என்ற சொல்லே இல்லை. ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும். மையத்தின் மதிப்பீட்டாளர் பார்த்த பிறகு, வெளியிலிருந்து சரிபார்ப்பவரும் வருவார்.

சரி, ஜிம் மாஸ்டரிடம் என்ன பார்க்க வேண்டும்? அவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதையா? இல்லை. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எதிரே வந்து நிற்கட்டும். உடனே எடையைக் கையில் கொடுக்கிறாரா, அல்லது உட்காரவைத்து நெஞ்சு வலி உண்டா, தலை சுற்றுமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாரா? அங்கேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில். (இந்த முன்னணி நமக்கு வேண்டியதில்லை!) இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஜிம்மில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று மாஸ்டர் இருந்துவிட்டால் ஆபத்து. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகை நாடித் துடிப்பை ஏறவிடாது. நாடியை மட்டும் நம்புகிறவர் ஏமாந்துபோவார். புதிதாக வந்தவரை முதல் நாளே வாட்டி எடுத்தால் தசை சிதைந்து சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போகலாம். அப்போது வீட்டில் படுத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறுநீரகமே பழுதாகிவிடும்.

ஒருவர் மயங்கி விழுந்து மூச்சும் நின்றுவிட்டால்? உதவிக்கு ஆள் அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைப் பொம்மையின்மேல் செய்து காட்டாதவருக்குச் சான்றிதழ் கொடுப்பது அநியாயம் என்பேன்.

மகன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். மகளுக்கும் இதே பதில்தான். பெண் மாஸ்டர் இருந்தால்தான் வருவேன் என்னும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஆகவே பணம் கட்டுமுன் நீங்களும் பிள்ளையுடன் நேரில் போங்கள். இந்தத் தொழிலுக்கு ஜே.பி.கே. அங்கீகாரம் உண்டா, எந்த நிலைவரை என்று கேளுங்கள். மதிப்பிடுகிறவர் யார், பயிற்சி கொடுத்தவரேதானா, 'இன்னும் பெறாதவர்' என்று எவரையாவது திருப்பி அனுப்பியதுண்டா என்றும் கேளுங்கள். வந்தவர் எல்லாரும் தேறுகிறார்கள் என்று பெருமையடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கனவே ஜிம்மில் உதவியாளாக வேலை செய்கிற பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. செய்த வேலையின் அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி எஸ்.கே.எம். பெறும் முறை அது, சுருக்கமாகப் பி.பி.தி. என்பார்கள். அதற்கு வாய்ச்சொல் உதவாது. யாருக்கு எந்த நாளில் என்ன பயிற்சி கொடுத்தான், என்ன மாற்றம் கண்டான் என்பதற்கெல்லாம் எழுத்தும் படமும் முதலாளியின் கடிதமும் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து இன்றைக்கே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.