கதவைத் திறந்தால் மட்டும் போதுமா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்ரீமதி துர்க்காபாய் தேஷ்முக்கின் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று உண்டு. தினந்தோறும் அவ்வழியே செல்வோரில் அந்த அம்மையாரின் சரித்திரத்தை அறிந்தவர் சிலரே. அவர் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தவர். வக்கீல் தொழில் புரிந்தவர். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். 1937-ல் சென்னையில் அவர் ஸ்தாபித்த ஆந்திர மகிளா சபை முதலில் மேற்கொண்ட பணி, காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பெண்களைத் தயார் செய்வதே. பரீட்சையின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால், சொல்லிக்கொடுப்பார் இல்லாத பெண்ணுக்கு அது திறந்திருந்து என்ன பயன்? அந்தக் குறையைத் தீர்க்கவே சபை முன்வந்தது.

இன்று அதே கேள்வி வேறு உருவில் நம் முன் நிற்கிறது. அடையாற்றைத் தாண்டித் தெற்கே சென்றால், 1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டிப் பொறியியற் கலாசாலையும், 1959-ல் தோன்றிய ஐ.ஐ.டி.யும், 2000-ல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும் சில மைல் தூரத்துக்குள் அமைந்திருக்கின்றன. கணினி இப்போது ஒரு தனித்துறைக்கு மட்டும் உரிய கருவியன்று. பாலம் கட்டுபவனும், மருந்து ஆராய்பவனும், புயலைக் கணிப்பவனும் அதன் துணையின்றித் தொழில் நடத்த முடியாது. ஆகவே, கணினியில் பின்தங்கிய மாணவன் விஞ்ஞானம் முழுவதிலும் பின்தங்கியவனாகிறான்.

இவ்விஷயத்தில் நமது ராஜ்ய சர்க்கார்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டன என்று சொல்வது நியாயமாகாது. 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2011-ல் மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2021-ல் இயற்றப்பட்ட சட்டம், சர்க்கார் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கியது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றது. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் பிறந்தது. கட்சி பேதமின்றி இவற்றைப் பாராட்டுகிறோம்.

ஆயினும், இடம் கிடைத்த பிறகு நடப்பது என்ன? தமிழிலேயே பன்னிரண்டு வகுப்பும் படித்த கிராமத்து மாணவன் முதல் நாள் வகுப்பில் உட்காருகிறான். பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவன் சிறுவயது முதல் வீட்டில் கணினியைக் கையாண்டவன். இவனோ கைப்பேசியை மட்டும் அறிந்தவன். சந்தேகம் எழுந்தால் கேட்க நாக்கு எழவில்லை. அவனுடைய மௌனத்தை மந்த புத்தி என்று ஆசிரியர் எண்ணிவிடுகிறார். முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் 'அரியர்' ஆகின்றன; பிறகு அவை வளர்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளோ, அரியர் உள்ளவனை வாசலிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். சர்க்கார் பணமும், தாய் தகப்பனின் நம்பிக்கையும் வீணாகின்றன. கடைசியில், "இவர்களுக்கு இடம் கொடுத்தது தவறு" என்று சொல்லச் சிலர் காத்திருக்கிறார்கள்.

"தகுதி கெடுகிறதே!" என்று அங்கலாய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவப் படிப்பில் அளிக்கப்பட்ட இதே 7.5 சதவிகித ஒதுக்கீடு செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அத்துடன், சர்க்கார் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டிய கடமையையும் நினைவூட்டியது. ஒதுக்கீடு என்பது பாதி வேலை. மீதிப் பாதி தயாரிப்பு. முதற் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், முதலாவதும் கெட்டுப்போகும்.

தயாரிப்பு என்பது எளிய பாடத்தைத் திரும்பத் திரும்பப் புகட்டுவதன்று. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் யூரி டிரைஸ்மன் என்ற கணித அறிஞர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தோற்பதற்குக் காரணம் தேடினார். அவர்கள் சோம்பேறிகளல்லர், தனித்தனியே படித்தார்கள் என்று கண்டார். சீன வம்சத்து மாணவர்களோ கூடிப் படித்தார்கள். உடனே, எல்லோரும் கூடி உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போடும் பட்டறைகளை அமைத்தார். தோற்றவர்கள் ஜயித்தார்கள். இரக்கம் காட்டியதால் வந்த ஜயமன்று. மதிப்புக் கொடுத்ததால் வந்த ஜயம்.

ஆகவே நாம் கோருவன நான்கு. வகுப்புத் தொடங்குமுன் ஆறு வாரம், கணக்கும் நிரல் எழுதும் முறையும் தமிழில் விளக்கப்பட வேண்டும். ஆங்கிலச் சொற்களையும் கூடவே பழக்க வேண்டும். கணினிக் கூடங்கள் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படாமல் இரவு வரை திறந்திருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாதவனுக்கு அதுவே வீடு. விடுமுறையில் கம்பெனிகளில் பெறும் பயிற்சிக்கு உதவித்தொகை வேண்டும். கூலியின்றி உழைக்க ஏழையால் இயலாது. கடைசியாக, ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் எத்தனை பேர், படிப்பை முடித்தவர் எத்தனை பேர், தொழிலில் அமர்ந்தவர் எத்தனை பேர் என்பதைக் கலாசாலைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்குக் காட்டாத தர்மத்தில் களவு புகும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்திலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கணினித் தொழிலில் பொருளீட்டும் அன்பர்கள் பலர் வசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை நான்கு மாணவர்களுக்கு அவர்கள் ஒதுக்கட்டும். தேசத் தொண்டர்கள் இடத்தையும் மாணவர்களையும் திரட்டித் தரட்டும். துர்க்காபாய் சர்க்காரின் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் பெயரிட்ட சாலையில் தினமும் நடக்கும் நாம் மட்டும் காத்திருக்கலாமா?