பட்டையின் கீழே பாருங்கள்



மும்பை, கொச்சி போன்ற துறைமுக நகரங்களில் படகினால் பிழைப்போர் உங்களில் சிலர் இருக்கக்கூடும். பழைய படகொன்றை வாங்க எண்ணுவோரும் இருக்கலாம். ஆகையால் இம்மாதம், பழைய ஃபைபர் மோட்டார் படகைச் சுற்றிப் பதிக்கப்படும் ஓரப் பட்டையைக் குறித்துச் சில காரியங்களை எழுதுகிறோம்.

இப்பட்டையை அலங்காரமென்று எண்ணுவோர் அநேகர். அப்படியல்ல. ஃபைபர் படகின் அடிப்பாகமும் மேல்தளமும் பெரும்பாலும் தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு, விளிம்போடு விளிம்பு பொருத்தி, திருகாணிகளாலோ ரிவெட்டுகளாலோ இணைக்கப்படுகின்றன. அந்த இணைப்பின்மேல் ஓடுவதே ஓரப் பட்டை. துறைமேடையில் இடிக்கும் அடியை அது தாங்கிக்கொள்கிறது. இணைப்பையும் மூடிக் காக்கிறது.

பட்டை வெடித்துவிட்டால் புதியதை அதன்மேல் அடித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். வெளியே புதுப் பட்டை மின்னும். உள்ளேயோ, தளர்ந்த திருகாணித் துளைகளின் வழியாய் நீர் கசிந்து, இயந்திரம் தொங்கும் பின்பலகையின் மரம் மக்கிக்கொண்டிருக்கும். அப்படகில் ஏறுகிறவர்களுக்கு இது தெரியாது.

ஆகவே முதலாவது பழைய பட்டையை முற்றிலும் கழற்றுங்கள். துளைகளிலிருந்து பழுப்புநிறக் கறை வடிந்திருக்கிறதா, திருகாணி பிடிப்பின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஒருவர் படகினுள் விளக்கோடு இருக்க, மற்றொருவர் வெளியே இணைப்பின்மேல் குழாய்நீரைப் பாய்ச்சினால், கசியும் இடம் வெளிப்படும்.

பின்பு துளைகளை நன்றாய் உலரவிட்டு, எபாக்ஸியால் அடையுங்கள். ஈரத்தில் எபாக்ஸி பிடிக்காது. மழைநாட்களில் இவ்வேலையைத் தவிர்ப்பது நலம். பழைய சிலிக்கான் பசை இருந்தால் சிறிதும் மீதியின்றிச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் வேறு பசையும் ஒட்டாது, வண்ணமும் நிற்காது. ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடி அணிய மறவாதிருங்கள். அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.

புதிய வினைல் பட்டையை வெந்நீரிலோ வெயிலிலோ வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். முன்முனையின் நடுவில் தொடங்கி இருபுறமும் பின்னோக்கிப் பொருத்துங்கள். ஒருபோதும் இழுத்துப் பொருத்தாதிருங்கள். இழுத்த பட்டை நாளடைவில் சுருங்கி, முனையில் இடைவெளி விடும். முனைகளில் சற்று மிகுதியாய் விட்டு, மறுநாள் வெட்டுவது உத்தமம்.

திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். புதிய இடங்களில் சிறு துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் கடலுக்கேற்ற பாலியூரித்தேன் பசையை இட்டபின் முறுக்குங்கள். பட்டையின் சட்டம் அலுமினியமானால், எஃகு அதனை நேரே தொடாதபடி இப்பசை இடையில் இருத்தல் அவசியம்; இல்லாவிடில் உப்புநீரில் அலுமினியம் அரிக்கப்படும். பசை முற்றிலும் இறுகச் சில நாட்கள் செல்லும். அதுவரை படகை நீரில் இறக்காதிருங்கள்.

பழைய படகை வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. புதுப் பட்டையைக் கண்டவுடன் விலை பேசாதிருங்கள். அதை மாற்றியபோது அடியில் என்ன காணப்பட்டது, அது எவ்விதம் சீர்செய்யப்பட்டது என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிடில், ஓரிரு திருகாணிகளையாவது கழற்றிப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.