வரி கட்டினால் போதை ஹலாலாகிவிடுமா?

கஞ்சாவுக்கு உரிமம் தந்து வரி வாங்கினால் கடத்தல் ஒழியும் என்கின்றனர் சிலர். புதிய யோசனையன்று, 1893-ல் ஆங்கில அரசு அமைத்த ஆணையமும் இதையே பரிந்துரைத்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுத்த பின்னும், இலைக்கு விலக்கிருப்பதால் ராஜஸ்தானில் பாங் கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன.

நம் மாநிலத்தில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். கள்ளச்சாராயம் ஒழிந்ததா? 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனரே!

மதுவில் சில பயன்கள் உண்டென்பதை மறைக்காத திருமறை (2:219), பாவமே பெரிது என்கிறது. வரியும் அந்தச் சில பயன்களில் ஒன்று, அவ்வளவே.

இராமநாதபுரக் கடலோரத்தில் இலங்கைக்குப் போகும் கஞ்சா மூட்டைகள் பிடிபடுகின்றன. உப்பூர்ப் பக்கத்து ஜும்ஆ பயான்களில் நாம் டாஸ்மாக்கைச் சாடுகிறோம். அம்மூட்டைகளோடு படகேறும் பிள்ளைகளைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?