டிக்கிக்குள் குளமும் ஒரு டியூப் சிலிகானும்

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் போதும். பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கும் சென்னைவாசி காலையில் டிக்கியைத் திறக்கிறார். குப்பென்று ஒரு நாற்றம். மேட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி பாதி முங்கிக் கிடக்கிறது. மக்கால் மொண்டு ஊற்றிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போகிறார். அங்கே ஐந்து நிமிடத்தில் வைத்தியம் முடிந்துவிடுகிறது. டிக்கி பீடிங்கைச் சுற்றி ஒரு டியூப் சிலிகான், பின் கண்ணாடி ஓரமாக இன்னொரு இழுப்பு, கூடவே "பழைய வண்டி சார், ஒழுகத்தான் செய்யும்" என்று ஒரு தத்துவம். அடுத்த மழைக்கு மறுபடியும் குளம்.

இந்தத் தத்துவத்தைப் போல ஒரு சோம்பேறிப் பொய் வேறு கிடையாது. வயசாகிவிட்டது என்பதற்காக எந்த வண்டியும் ஒழுகுவதில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் குறிப்பிட்ட ஒரு ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கும், அல்லது இரண்டு தகடு சேரும் மூட்டில் பூசிய சீலர் வெடித்திருக்கும். அவ்வளவுதான். முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பரில். 2014-ல் அதன் தயாரிப்பே நின்றுபோனது. மழையில் நனைந்தும் டிக்கி காய்ந்து கிடக்கும் 800-கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வயசுதான் குற்றவாளி என்றால் அவை எப்படித் தப்பின?

தண்ணீர் நுழையும் இடம் வேறு, சேரும் இடம் வேறு. ஓட்டு வீட்டில் குடியிருந்த எவருக்கும் இது தெரியும். ஓடு விலகியது ஒரு மூலையில், சட்டத்தோடு ஓடிவந்து சொட்டுவது நடுக்கூடத்தில். காரிலும் அதே கதைதான். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் நீளப் பள்ளத்தில், மேலே மூடியிருக்கும் ரப்பர் பட்டைக்கு அடியில், சீலர் மயிரிழை அளவுக்கு வெடித்திருக்கும். தண்ணீர் அதில் இறங்கி, பின் தூணுக்குள்ளேயே வழிந்து, பக்கவாட்டு பிளாஸ்டிக் அட்டைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஓடி, ஆகத் தாழ்வான ஸ்டெப்னி குழியில் போய்ச் சேரும். பிரேக் பிடித்தால் அங்கிருந்து முன்னால் அலையடித்துப் பின்சீட்டுக்கு அடியிலும் போகும். குழியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு பீடிங்கில் சிலிகான் பூசுவது, கால்வலிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேலை.

பீடிங் நிரபராதி என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதைச் சந்தேகிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை வைத்து டிக்கியைச் சாத்திவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் பீடிங் அழுத்துகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அழுத்தவில்லை. பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டிகளில் பல நேரம் கோளாறு ரப்பரில் இருக்காது, கதவு உட்காரும் வாகில் இருக்கும். பூட்டின் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகப் போகிற விஷயம். அடுத்த சந்தேகம் டெயில் லைட். அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் கேஸ்கெட் வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து அப்பளமாகியிருக்கும். பல்பு மாற்றியவர் நட்டை முறுக்கியதில் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டிருக்கவும் கூடும். பிறகு ஆன்டெனா அடிப்பகுதி, பின் வைப்பரின் அச்சு, டிக்கிக் கதவுக்கு ஒயர் போகும் ரப்பர் குழல், நம்பர் பிளேட் லைட்... ஒரு நீளப் பட்டியலே உண்டு.

பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முதல் கேள்வியே பாதியைக் கழித்துவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீர் சேர்கிறதா, ஈர ரோட்டில் ஓட்டினால்தான் சேர்கிறதா? ஓட்டினால் மட்டும் சேர்ந்தால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு, வீல் ஆர்ச் மூட்டு வழியாகவோ, தரையில் தொலைந்துபோன ரப்பர் அடைப்பான் வழியாகவோ ஏறுகிறது. நின்ற இடத்திலேயே சேர்ந்தால் மேலே தேட வேண்டும்.

தேடுவதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். மேட், பிளாஸ்டிக் அட்டை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே ஒட்டத் துடைக்க வேண்டும். மூட்டுகளில் முகப் பவுடரைத் தூவ வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் வாஷ் பிரஷரில் அடித்தால் ஒழுகாத இடமும் ஒழுகும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனையும், எது திருடன் என்று தெரியாது. பவுடரில் ஈரக்கோடு விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓட்டை அகப்படும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகும். போகட்டுமே!

அந்த மத்தியானத்தை மிச்சம்பிடிக்கத்தான் சிலிகான். அது சும்மா வேஸ்ட் ஆனாலும் பரவாயில்லை, கெடுதலும் செய்கிறது. வினிகர் வாசம் அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயின்ட் போன இரும்பில் அது பட்டால் துருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அதன் மேல் பெயின்டும் ஒட்டாது என்பதால் அடுத்து வரும் நல்ல டிங்கருக்கும் தலைவலி. பல மாடல்களில் பம்பருக்குப் பின்னால் உள்காற்று வெளியேற ரப்பர் மடல்கள் உண்டு. அதையும் ஓட்டை என்று நினைத்து அடைக்கிற மேதைகள் இருக்கிறார்கள். அப்புறம் கண்ணாடியெல்லாம் பனி படரும். இன்னொரு கூட்டம் ஸ்டெப்னி குழியின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டு "இனி தண்ணி நிக்காது பாருங்க" என்கிறது. நிற்காதுதான். மேலே வழிந்து வரும் வழியெல்லாம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், கீழே ரோட்டுத் தண்ணீருக்கும் புதிதாக ஒரு வாசல்.

நாற்றம்தானே, ஒரு பெர்ஃப்யூம் மாட்டினால் போச்சு என்பவர்களுக்கு: பல ஹேட்ச்பேக்குகளில் பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்துவது டிக்கியின் பக்கவாட்டுத் தகட்டில்தான். பின்சீட் பெல்ட்டின் போல்ட் இறங்குவதும் அக்கம்பக்கத்தில்தான். துரு தின்பது அந்த இரும்பை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சைலன்சர் புகை அங்கேயே சுழலும். தண்ணீர் வரும் ஓட்டை வழியே அதுவும் உள்ளே வரலாம். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் குழந்தைகள்.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடி, பத்து ரூபாய் ரப்பரை மாற்றிவிட்டு ஆயிரம் ரூபாய் கேட்டால் "ஒரு ரப்பருக்கா ஆயிரம்?" என்று சண்டைக்கு நிற்பவர் இதே வண்டிக்காரர்தான். பூசியது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குக் காசு கொடுக்கிறார். தேடியது தெரியவில்லை, கொடுக்க மனசு வரவில்லை. பிறகு பூசுகிறவர்தானே கிடைப்பார்? பட்டறையில் நுழைந்ததும் "எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க, அதுக்குத் தனியாக் கூலி தரேன்" என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படிக் கேட்ட பிறகும் டியூபை எடுப்பவரிடம் வண்டியை விடக்கூடாது.

ஓட்டை கிடைத்த பிறகு வேலை சின்னது. டெயில் லைட் என்றால் புது கேஸ்கெட். தகட்டு மூட்டு என்றால் பழைய சீலரைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலர் போட்டு, மேலே பெயின்ட். ஒட்டுக் கண்ணாடி என்றால் அறுத்தெடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும், ஓரத்தில் பூசி ஏமாற்ற முடியாது. தரைவிரிப்புக்கு அடியிலிருக்கும் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து வெயிலில் போடாமல் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடாது, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அது நாள்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கடைசியாக அதே ஹோஸ் பைப், அதே இடம், அதே நேரம். குழியில் நாலு தாள் செய்தித்தாளைப் பரப்பி வைத்து, மறுநாள் அது மொறமொறப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மேட்டைப் போடலாம்.