வாழ்த்து அட்டையில் விழும் நிழல்

பொங்கல் வாழ்த்து அட்டை மறைந்துவிட்டதே என்று வருந்தி எழுதப்படும் கட்டுரைகள், தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஆண்டுதோறும் வந்துவிடுகின்றன. கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டைகள், எம்ஜிஆர் படம் போட்டதை வாங்குவதா சிவாஜி படம் போட்டதை வாங்குவதா என்ற வழக்கு, உறையை ஒட்டாமல் உள்ளே மடித்து 'புக் போஸ்ட்' என்று எழுதி அனுப்பிய சிக்கனம் ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறும். அந்த ஏக்கம் உண்மையானதுதான். ஆனால் அது பெரும்பாலும் சிவகாசியில் அச்சான அட்டையின் மீதான ஏக்கம். அதற்குப் பக்கத்திலேயே கையால் செய்த அட்டை என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

இக்கட்டுரை அதைப் பற்றியது. குறிப்பாக, அட்டைப் பரப்பின் மேல் சற்றே உயர்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும் மிதந்து நிற்கும் உருவங்களைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் கைவேலைக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு வாசகர் என்று வெளியாகும் பிரசுரம் வேறு எங்காவது உண்டா? கையெழுத்துப் பத்திரிகைகூட நாலு கை மாறும். கையால் செய்த வாழ்த்து அட்டை அதையும்விடக் குறுகிய வட்டத்தில் நின்றுவிடுவது. அந்தக் குறுக்கமே அதன் பெருமை என்பது என் கட்சி.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம். வாட்ஸப்பில் முன்னனுப்பும் படங்கள் வாழ்த்து அட்டையைக் கொன்றுவிட்டன என்று சொல்லப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், பதில் எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்து கிடக்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து அச்சிட்டார். வணிக நோக்கில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, அச்சிட்ட வாழ்த்து அட்டை பிறந்ததே கடிதம் எழுதுவதிலிருந்து தப்பிப்பதற்காக. பின்னால் வந்த குறுஞ்செய்தியும் வாட்ஸப் படமும் அந்த வம்சத்தின் நேர் வாரிசுகள். பண்டிகை நாட்களில் இலவசக் குறுஞ்செய்தி கிடையாது என்று அலைபேசி நிறுவனங்கள் கட்டணம் வசூலித்த காலம் நினைவிருக்கலாம். வாழ்த்து மொத்த வியாபாரமானதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பேரன்மேல் வழக்குப் போட்டுவிட்டுப் பாட்டனாருக்கு மாலை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையால் செய்த அட்டை இந்த வம்சத்தைச் சேர்ந்ததே அல்ல. அது கடிதத்தின் உடன்பிறப்பு.

தமிழ்நாட்டில் பொங்கல் அட்டைக்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. பொங்கலைச் சமயம் கடந்த தமிழர் திருநாளாக முன்வைத்ததில் திராவிட இயக்கத்தின் பங்கு பெரிது. அண்ணா பொங்கலையொட்டித் தம்பிக்கு எழுதிய மடல்களை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அட்டையின் உருவங்களோ காலண்டர் ஓவியத்திலிருந்து வந்தவை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்து கொடுத்த காலண்டர்கள் தென்னாட்டு வீடுகளின் சுவர்களில் தொங்கின. ஆண்டு முடிந்ததும் அந்தக் காலண்டர் தாள் குழந்தைகளின் கத்தரிக்கோலுக்கு வரும். கையால் செய்த அட்டைகளுக்கு மூலப்பொருள் பல வீடுகளில் அதுதான்.

உருவத்தை வெட்டி உயர்த்தி ஒட்டுவது மேல்நாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வெளியிட்ட லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு நம் வீட்டுப் பெண்கள் துணியால் சேலை கட்டி, ஜரிகை வைத்து, சம்கி ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக மாறிய கணம் அது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பசையால் மேடு எழுப்பிக் கல் பதிப்பதும் இதே ஆசைதான். தட்டையான பரப்பில் நம் கண் நெடுநேரம் நிற்பதில்லை. ஒரு மேடு வேண்டும், அதில் வெளிச்சம் தட்ட வேண்டும்.

இனி மிதக்கும் உருவத்தின் சூட்சுமத்துக்கு வருகிறேன். மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வெட்டிய உருவத்தின் பின்னால் சிறு கட்டை வைத்து உயர்த்துவது. கடைகளில் இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் கிடைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குத் தேவையே இல்லை. பழம் வரும் அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டையில் விரல்நகம் அளவுக்கு நாலு துண்டு வெட்டினால் போதும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம் கிடைத்துவிடும். இரண்டாவது வழி, தாள் பட்டையை விசிறிபோல மடித்து அதன் தலையில் உருவத்தை ஒட்டுவது. தொட்டால் ஆடும். மூன்றாவதுதான் உண்மையில் மிதப்பது. அட்டையின் முன்பக்கத்தில் ஒரு வட்டச் சாளரம் வெட்டி, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒரே உருவத்தை இரண்டாக வெட்டி நூலை நடுவில் வைத்து இரு பக்கமும் சேர்த்து ஒட்டிவிடுவது. அட்டையைத் திறக்கும்போது உருவம் காற்றில் மெல்லத் திரும்பும்.

நூலுக்குப் பதில் வாழைநாரையும் பயன்படுத்தலாம். சின்னமனூர், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் காய்ந்த நார் விறைத்துக்கொள்ளும், உருவம் திரும்பாது. பூக்கட்டுகிறவர்கள் செய்வதுபோல் நனைத்து, நகத்தால் மெல்லிய இழையாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். பூவோடு சேர்ந்த நாருக்கு மணம் உண்டென்றால், தாளோடு சேர்ந்த நாருக்கும் ஏதோ ஒன்று உண்டு.

இதில் என்னை ஈர்ப்பது நிழல். அச்சிட்ட அட்டையில் வரைந்த நிழல் என்றைக்கும் ஒரே திசையில் விழுந்து கிடக்கும். அது ஓவியன் மேசையின் வெளிச்சம். உயர்த்தி ஒட்டிய உருவத்தின் நிழலோ அட்டையைப் பெற்றவர் வீட்டு வெளிச்சத்தில் விழுவது. காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், இரவில் விளக்குக்கு எதிர்ப்புறம். அட்டையைச் செய்தவர் முடிக்காமல் விட்டதைப் பெற்றவர் வீட்டு ஜன்னல் முடித்துவைக்கிறது. நல்ல கவிதை வாசகனுக்கு விட்டுவைக்கும் இடம் என்று நாம் பேசுவோமே, அதை இரண்டு மில்லிமீட்டர் நெளிவு அட்டையில் செய்துகாட்ட முடிகிறது. அலைபேசித் திரையில் எத்தனை அழகான படம் வந்தாலும் இந்த ஒன்று நடக்காது.

அடுக்கு என்பதற்குத் தேனிக்காரர்களுக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை. அதிகாலையில் உத்தமபாளையத்தில் நின்று பார்த்தால் அருகிலுள்ள மலை கருநீலமாகவும், அதற்கடுத்தது சாம்பலாகவும், கடைசித் தொடர் வானத்தோடு கரைந்தும் தெரியும். மூன்று நிறத் தாள்களை மூன்று உயரத்தில் ஒட்டினால் பள்ளத்தாக்கு அட்டைக்குள் வந்துவிடும். அப்படியிருந்தும் இங்குள்ள குழந்தைகள் வாழ்த்து அட்டை செய்யச் சொன்னால் பனிமனிதனையும் இதயக்குறியையும் செய்கிறார்கள் என்றால், குற்றம் அவர்களுடையதல்ல. கைவேலைப் பெட்டிகளும் இணையக் காணொளிகளும் தங்கள் ஊர் நிலக்காட்சியையே கற்றுத்தருகின்றன. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சைக் கொத்து ஒரு வாழ்த்து அட்டையில் தொங்குவதற்கு என்ன தடை? ஒவ்வொரு மணியையும் தனி உயரத்தில் ஒட்டலாம். அதைவிட மிதப்பதற்குப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. தமிழ்நாட்டில் மற்ற ஊர்களில் பொங்கல் சூரியனுக்கும் மாட்டுக்கும். இங்கே ஓர் ஆங்கிலேயப் பொறியாளருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. தைப்பொங்கலை ஒட்டியே அந்த நாள் வந்துவிடுகிறது. பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013 ஜனவரி 15 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2022-இல் தமிழக அரசு இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் அவருக்குச் சிலை வைத்தது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த நீரைக் கிழக்கே திருப்பிவிட்டவருக்கு, நூற்றாண்டுக்கு மேலாகியும் முகவரி தெரிந்து நன்றி அனுப்பும் ஊர் இது. வாழ்த்தின் இலக்கணமே இதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கு, எதற்காக என்ற இரண்டுக்கும் இங்கே தெளிவான விடை இருக்கிறது.

இதே ஊர்களில்தான் தை மாதம் ஃபிளெக்ஸ் பதாகைகளும் முளைக்கின்றன. நம் காலத்தின் பொங்கல் வாழ்த்து அட்டை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். வாழ்த்துகிறவரின் முகம் பத்தடி உயரத்தில் இருக்கும். வாழ்த்தப்படுகிறவர் 'பொதுமக்கள்'. பொங்கல் பானை ஒரு மூலையில் சிறிதாகக் கிடக்கும். அட்டையில் அனுப்புகிறவர் பெயர் பின்பக்கத்தில், கையெழுத்தாகச் சிறியதாக இருந்தது. பதாகையில் அது தலைகீழாகிவிட்டது. முகவரி இல்லாத வாழ்த்து விளம்பரம். இதைச் சொல்வதற்கு வேறு மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நன்றியின் ஊர் விளம்பரத்தின் ஊராவதைத் தடுக்கக் கத்தரிக்கோலும் பசையும் போதுமா என்று சிரிக்கலாம். போதாதுதான். ஆனால் ஒருவருக்காக ஒரு பிற்பகலைச் செலவழித்துப் பழகிய கை, பின்னாளில் பதாகைக்குக் கீழே நின்று சற்றேனும் கூச்சப்படும் என்று நம்புகிறேன்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. கடையில் விற்கும் கைவேலைப் பெட்டியை வைத்துச் சொன்னால் அது சரிதான். ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்டி வாங்கி, அதில் ஏற்கெனவே வெட்டிவைத்த பூவை, குறித்துவைத்த இடத்தில் ஒட்டுவதைக் கையால் செய்ததாக நான் கருதவில்லை. பழைய காலண்டர், அட்டைப்பெட்டி, வாழைநார், சோற்றுப் பசை ஆகிய நான்குக்கும் விலையில்லை. விலை நேரத்துக்குத்தான். வசதி படைத்தவரிடம் இல்லாத பொருளும் அதுதான்.

தபாலில் போகாது என்பது இரண்டாவது வாதம். இதை அலட்சியப்படுத்த முடியாது. முத்திரை விழும்போது உயர்த்திய உருவம் நசுங்கும். எடையும் ஏறும். ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 12.5 கிராம். அதை இரண்டாக மடித்த அட்டைக்கேற்ற உறை ஆறேழு கிராம் வரும். சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படி 20 கிராம் என்பதால், மிதக்கும் உருவத்துக்கு ஒரு கிராம்தான் மிஞ்சும். அதற்கு வழி, அட்டையைச் சிறிதாக்குவது. பாதித் தாளை மடித்துச் செய்தால் அட்டை 6.25 கிராம், உறை மூன்று நான்கு கிராம். பாதி எடை மிச்சம். உள்ளே இன்னொரு மெல்லிய அட்டையைக் காப்பாக வைத்து அனுப்பலாம். சிறிய அட்டையில் சொற்களும் குறையும், அதுவும் லாபமே. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நின்றது. 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. சிற்றிதழ்க்காரர்களுக்கு இதன் வலி தெரியும். ஆனால் சாதாரணக் கடிதம் இன்னும் போகிறது. தபால்காரர் இன்னும் வருகிறார். இருக்கும்போது பயன்படுத்தாமல், போனபின் இரங்கற்பா எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

எனவே என் வேண்டுகோள் சிறியது. தேனி மாவட்டத்துப் பள்ளிகளில் மார்கழிக் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். போட்டியோ பரிசோ வேண்டாம். பரிசு வந்தால் அட்டை நடுவருக்கானதாகிவிடும். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் ஓர் அட்டை செய்யட்டும். அணையின் நீரைத் திறந்துவிடும் ஊழியராக இருக்கலாம், ஊரைவிட்டுத் திருப்பூர் போன அத்தையாக இருக்கலாம். உள்ளே என்ன எழுதுவது என்று குழந்தை யோசிக்கும் அந்த ஐந்து நிமிடம், நாம் மொழிப்பாடம் என்று நடத்தும் பலவற்றைவிட மேலானது.

நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். வண்ணதாசனின் கடிதங்களை 'எல்லோருக்கும் அன்புடன்' தொகுப்பில் வாசித்து உருகுகிறவர்கள் நம்மில் பலர். அவை எல்லோரையும் சென்றடைந்தது பிறகுதான். எழுதப்பட்டபோது அவை ஒவ்வொன்றும் ஒருவருக்கே எழுதப்பட்டவை. வருகிற தைக்கு அப்படி ஒரே ஓர் அட்டை. பெயர் ஒன்று மனத்தில் வந்துவிட்டதென்றால் பாதி வேலை முடிந்தது.