மாதா கோயிலின் கோலமாற்றம்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவிமடம் ஒன்று, தன்னுடைய சர்ச்சோடு சேர்த்து 2005இல் ஓட்டலாக மாறியது. பெயர் குரூயிஷெரன். மணியடித்து ஜெபம் சொன்ன இடத்தில் இப்போது சாவி வாங்குகிறார்கள். வாசலில் இங்கோ மௌரரின் செம்புக் குடைவு, உள்ளே அவருடைய விளக்குகள், சுவரெல்லாம் கலை. வெளியே பனி கொட்டும்போது கோத்திக் வளைவுகளுக்குக் கீழே கதகதப்பாகக் காபி குடிக்கலாம். ஐரோப்பாவில் இது இன்று சகஜம். அதே ஊரில் இன்னொரு சர்ச் புத்தகக் கடையாகிவிட்டது. கும்பிட ஆள் இல்லாமல் போன இடத்தில் கலை குடியேறுகிறது, வாடகையும் வருகிறது.

இந்தியாவில் அப்படிக் காலியாகும் சர்ச்சுகள் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் போனால் நிற்கவே இடம் கிடைக்காது. ஆனால் அதே பெங்களூரில், ஆள் நிறைந்திருந்த காலத்திலேயே ஒரு வழிபாட்டுக்கூடம் வேண்டுமென்றே கோலம் மாறியது. கலையை உள்ளே அழைத்தவர் ஒரு பாதிரியார். அதற்கு அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

லிங்கராஜபுரத்தை ஒட்டிய ஹட்சின்ஸ் சாலையில் இருக்கும் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம்தான் அந்த இடம். இவ்வளவு நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை. என்பிசிஎல்சி என்றால் போதும். பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் உபதேசியார்களும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து தங்கிப் படிக்கவும் தியானம் செய்யவும் 1967இல் தொடங்கப்பட்டது. மாஸ்ட்ரிக்டின் சொகுசை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. குளிர்காலத்தில் இதமாக இருப்பதற்கு ஊரே காரணம். மார்கழியில் பெங்களூரின் விடியற்காலை 15 டிகிரியை ஒட்டி இருக்கும் (1884 ஜனவரியில் ஒருமுறை 7.8 வரை இறங்கிய ஊர் இது). சந்தையில் அவரைக்காய் குவிந்திருக்கும் பருவம். காதை மூடும் குல்லாய் இல்லாமல் பெரியவர்கள் வெளியே வர மாட்டார்கள்.

மையத்தின் வழிபாட்டுக்கூடத்தை முதன்முறை பார்ப்பவர் வாசலில் ஒரு கணம் தயங்குவார். கட்டடத்தின் சாயல் கோயிலுடையது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். பீடம் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. மெழுகுவர்த்தியின் வேலையைக் குத்துவிளக்கு செய்கிறது. வெளிச்சம் கிராதிகளின் வழியாக வருகிறது; அந்தக் கிராதிகளில்தான் விஷயமே இருக்கிறது.

மையத்தை நிறுவியவர் டி.எஸ். அமலோற்பவதாஸ். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் கல்லேரியில் 1932இல் பிறந்த தமிழர். 1968 முதல் 1971 வரை பெங்களூர் பேராயராக இருந்து, பிறகு ரோமாபுரி சென்று 1985இல் கார்டினலான சைமன் லூர்துசாமி இவருடைய அண்ணன். தம்பி பாரிஸில் இறையியல் படித்துவிட்டு வந்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) பூசையை லத்தீனிலிருந்து மக்கள் மொழிக்குக் கொண்டுவந்த காலம் அது. மொழி மாறினால் மட்டும் போதுமா, உடல் மாற வேண்டாமா என்று கேட்டார் அமலோற்பவதாஸ். முழங்காலிடுவதும் பீடத்தை முத்தமிடுவதும் ஐரோப்பிய உடலின் மரியாதை. இந்திய உடலுக்கு மரியாதை காட்ட வேறு வழிகள் உண்டு.

ஆயர்கள் கேட்டதற்கு இணங்கி, 1969 ஏப்ரலில் ரோமாபுரி 12 மாற்றங்களுக்கு அனுமதி கொடுத்தது. பட்டியல் சுவையானது. முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பிக் குனிந்து வணங்குதல், பஞ்சாங்க நமஸ்காரம், சமாதானம் சொல்லக் கைகூப்புதல், முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, பூசை உடுப்புக்குப் பதில் சால்வை, எண்ணெய் விளக்கு, ஆரத்தி. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துப் பாட்டியும் யோசிக்காமல் செய்கிற காரியங்கள். அவற்றுக்கு வத்திக்கானின் கையெழுத்து தேவைப்பட்டது என்பதில் கொஞ்சம் நகைச்சுவையும் இருக்கிறது.

இந்தக் கூடத்துக்குக் கலைஞராக வந்தவர் ஜோதி சாஹி. பஞ்சாபித் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1944இல் புனேயில் பிறந்தவர். லண்டன் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் படித்தார். பிறகு கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்தில் பீட் கிரிஃபித்ஸோடு இருந்தார். பிற்பாடு குளித்தலை அருகே சாந்திவனத்துக்கு வந்த அதே ஆங்கிலேயத் துறவி. சாஹி குடியேறிய இடம் பெங்களூருக்கு வடக்கே சில்வேபுரா. பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் தமிழருக்குப் புரிந்துவிடும்: சிலுவைபுரம். கிறிஸ்துவை மரமாக, விளக்காக, நாட்டியக்காரராக வரைந்தவர் அவர். பாடுபட்டுச் சாகும் ஐரோப்பியக் கிறிஸ்துவைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஆடும் கிறிஸ்து புதிது. மையத்தின் ஜன்னல் கிராதிகளில் ஒன்றிலும் நடராஜரை நினைவூட்டும் அந்தக் கோலம் வந்தது.

வந்தது வினை. கத்தோலிக்கர்களிலேயே ஒரு சாரார் கொதித்தார்கள். சென்னையைச் சேர்ந்த விக்டர் குழந்தை போன்ற பொதுநிலைத் தலைவர்கள், சபையைப் புறச்சமயமாக்கும் சதி என்று எழுதினார்கள். உச்சியில் இருக்க வேண்டியது கலசமா சிலுவையா என்பது பெரும் தகராறானது. மறுபக்கத்தில் இந்து விமர்சகர்களுக்கும் இது பிடிக்கவில்லை. சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். எங்கள் சின்னங்களை எடுத்து எங்கள் ஆட்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரே ஜன்னலை இரு தரப்பும் பார்த்தன. ஒரு தரப்புக்கு அது சரணாகதி, இன்னொரு தரப்புக்குத் திருட்டு.

தமிழருக்கு இந்தச் சண்டை பழையது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவியும் பூணூலும் அணிந்ததற்கு அவர் சபைக்காரர்களே அவரை விசாரித்தார்கள். கோணான்குப்பத்தில் மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் கொடுத்த வீரமாமுனிவர் அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. அவருடைய பெரியநாயகியை யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் மூன்றாவதாக ஒரு எதிர்ப்பு எழுந்தது. அதுதான் கனமானது. எந்த இந்தியா, யாருடைய கலாச்சாரம் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். தமிழகக் கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பஞ்சாங்க நமஸ்காரமும் சமஸ்கிருத ஸ்லோகமும் கர்ப்பக்கிருக அமைப்பும் எந்தக் கோயில்களிலிருந்து வந்தனவோ, அந்தக் கோயில்களின் வாசல் அவர்கள் முன்னோருக்கு மூடியே இருந்தது. பண்ணையார் வீட்டு முற்றத்தில் தரையில் உட்கார்ந்தே பழகிய ஒருவர், சர்ச்சில் முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்தபோது அது அவருக்கு மேல்நாட்டு மோகமாகப் பட்டிருக்காது. அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டு, தரையில் உட்காருங்கள், அதுதான் நம் பண்பாடு என்று பாரிஸில் படித்த சாமியார் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சர்ச்சுக்குள்ளும் கதை அப்படி ஒன்றும் அழகாக இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலைப் பாருங்கள். சாதிக்கொரு கையாக, கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கட்டடம். நடுவில் தடுப்புச் சுவர். பீடம் மட்டும் பொது. 1910இல்தான் அந்தச் சுவர் இடிபட்டது. கட்டடக் கலை எவ்வளவு நன்றாகச் சாதி பேசும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பாணி மேல்நாட்டுடையதா உள்நாட்டுடையதா என்ற கேள்வி இங்கே இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இதற்குப் பதில் மதுரையிலிருந்து வந்தது. அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று மாணவர்கள் கொண்டாடிய அந்த மனிதர், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் சீர்திருத்தசபைப் பக்கம், 2005இல் காலமானார். ஆரத்தித் தட்டுக்கு ரோமாபுரி அனுமதி வாங்கிய பெரியவர்களுக்குப் பறை ஞாபகத்துக்கு வரவில்லை. அது மறதி மட்டும்தானா என்ற கேள்வியிலிருந்து பெங்களூர் மையத்தை முழுக்க விடுவிக்க முடியாது.

சாஹி இந்த விமர்சனத்தைக் காதில் போட்டுக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். பெருங்கோயில் மரபிலிருந்து நகர்ந்து ஆதிவாசிகளின் சுவர்ச் சித்திரங்களையும் கிராம தேவதைகளையும் பாம்புப் புற்றுகளையும் அவர் தேடிப் போனார். நாட்டார் குறியீடுகளைப் பற்றி 1980இல் அவர் எழுதிய 'குழந்தையும் பாம்பும்' என்ற ஆங்கில நூல் அந்தத் திசையைக் காட்டுகிறது. சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்து இளம் ஓவியர்களைத் தங்கவைத்தார். மையத்தின் சுவருக்குள் முடிந்துபோகாமல் அவர் வேலை பிழைத்தது இதனால்தான்.

அமலோற்பவதாஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1974 டிசம்பரில், நல்ல குளிரில், விவிலியம் அல்லாத சாஸ்திரங்களைப் பற்றி மையத்தில் ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தினார். உபநிடதத்தைப் பூசையில் வாசிக்கலாமா என்பது வரை பேச்சுப் போனது. ரோமாபுரி இம்முறை தலையாட்டவில்லை. 1979இல் அவர் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தைத் தொடங்கினார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவத் துறையிலும் பேராசிரியராக இருந்தார். 1990இல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 57.

ஹட்சின்ஸ் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சிவாஜிநகரின் புனித மரியாள் பேராலயம். 1882இல் கட்டி முடித்த சுத்தமான கோத்திக் கட்டடம். கூர் வளைவு, வண்ணக் கண்ணாடி, எல்லாம் ஐரோப்பாதான். 1974இல், அதாவது மையத்தில் சாஸ்திரக் கருத்தரங்கு நடந்த அதே ஆண்டில், பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. உள்ளே ஆரோக்கிய மாதா புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள். நேர்ந்துகொண்டவர்கள் புடவை கொண்டுவருகிறார்கள்; அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவில் தேர் புறப்படும்போது காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருபவர்களைத் தெருவெங்கும் பார்க்கலாம். தமிழ் ஜெபம் காதைப் பிளக்கும். இதற்கெல்லாம் 12 அம்சத் திட்டம் எதுவும் போடப்படவில்லை.

அதற்காக ஹட்சின்ஸ் சாலைக் கூடத்தை வெறும் பரிசோதனை என்று ஒதுக்குவது நியாயமாகாது. சிவாஜிநகரில் கூட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ஓவியன் உட்கார்ந்து கிறிஸ்துவை மறுபடி யோசிக்க இடமில்லை. அந்த இடத்தை ஒரு பாதிரியார் ஏற்படுத்திக் கொடுத்தார். சண்டை வரும் என்று தெரிந்தே கொடுத்தார். கிராதி வழியாக வரும் காலை வெயில் இன்றும் தரையில் கோலம் போடுகிறது. மார்கழியில் அங்கே தங்கப் போகிறவர்கள் ஒரு கம்பளிச் சால்வையை மறக்காமல் எடுத்துப் போவது நல்லது. செருப்பில்லாமல் உட்கார வேண்டிய அந்தத் தரை, விடியற்காலையில் ஜில்லென்றிருக்கும்.